இடதும் வலதும் ஒன்றுபோல் இருக்குமா?

குமரி மாவட்டத்துத் திற்பரப்பில் கோதையாறு ஏறக்குறைய ஐம்பது அடி உயரத்திலிருந்து பாறையில் விழுகிறது. குடும்பத்தோடு வரும் பெண்கள் நைட்டியோ சுடிதாரோ போட்டபடியே அருவியில் நனைகிறார்கள். ஈரத்துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு அஞ்சியே, தலைவலி என்று சொல்லிக் கரையில் துணிமணிக்குக் காவல் இருந்துவிடுகிற பெண்களும் உண்டு. அவர்களில் சிலர் ஒரு பக்க மார்பு சிறுத்திருப்பதை யாரிடமும் சொல்லாமல், துப்பட்டாவுக்கு ஊக்கு குத்தியே கல்லூரிக் காலத்தைக் கடந்துவிடுகிறார்கள். துணிந்து அம்மாவிடம் சொன்னால் வருகிற பதில்: "கல்யாணம் களிஞ்சா எல்லாம் செரியாவும் மக்களே."

ஆகாது. வளர்ச்சி முடிந்தபின் தங்கிவிட்ட வேறுபாட்டைக் கல்யாணமோ பிள்ளைப்பேறோ சமன் செய்வதில்லை. ஒரு பக்கம் பால் கூடுதலாகச் சுரந்தால், தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் வேறுபாடு இன்னும் எடுப்பாகத் தெரியவும் கூடும். எண்ணெய் போட்டு உழிச்சல் செய்தாலும் சிறுத்த பக்கம் வளராது. ஒரே தோளில் புத்தகப் பை சுமந்ததும், ஒருக்களித்துப் படுத்ததும் இதற்குக் காரணம் அல்ல.

இரண்டு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் பெண்கள் மிகக் குறைவு. சிறு வேறுபாடு இயல்பு, அதற்கு மருத்துவமே தேவையில்லை. பெரிய வேறுபாட்டுக்குத்தான் காரணம் தேட வேண்டும். சிறு வயதில் நெஞ்சில் பட்ட தீக்காயம், ஒரு பக்கம் வளர்ந்த பெரிய நார்க்கட்டி, பிறவியிலேயே நெஞ்சுத் தசை இல்லாமை என்று அது பலவாறாக இருக்கலாம். கடைசியில் சொன்னதற்குப் போலந்து நோய்க்குறி என்று பெயர். லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் போலந்து 1841இல் அதை விவரித்தார். சிலருக்கு அதே பக்கத்துக் கைவிரல்களும் ஒட்டியிருக்கும். கையைப் பார்த்தே மருத்துவர் மார்பின் காரணத்தை ஊகித்துவிடுவார்.

எல்லாவற்றிலும் வேதனையான காரணம் ஒன்று இருக்கிறது. எட்டு முதல் பதின்மூன்று வயதுக்குள் மார்பு அரும்பும்போது, ஒரு பக்கம் முந்திக்கொண்டு மறுபக்கம் சில மாதம் கழித்து வருவது சாதாரணம். காம்புக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவில் கெட்டியாக ஒன்று தட்டுப்படும், தொட்டால் வலிக்கும். அதைக் கட்டி என்று பயந்து அறுத்து எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் பிறகு வளரவே வளராது. மார்பகம் முழுவதும் அந்த அரும்பிலிருந்துதான் உருவாக வேண்டும். மகளுக்கு இப்படி இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பொறுத்திருப்பதே சரி. கத்தி வைக்க யாராவது அவசரப்பட்டால், இன்னொரு மருத்துவரையும் பார்க்காமல் சம்மதிக்க வேண்டாம்.

சிறுத்த மார்புக்குள் சிலிக்கான் பை வைப்பது சினிமாக்காரர்களுக்கும் பணக்காரர்களுக்கும் உரியது என்பது அடுத்த நம்பிக்கை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை 2018 பிப்ரவரியில் இந்தச் சிகிச்சையை ஏழைப் பெண்களுக்கு இலவசமாக அறிவித்தது. அன்றைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் அதை முன்னின்று ஆதரித்தார். உயிர்காக்கும் சிகிச்சைக்கு ஆகவேண்டிய பணம் அழகுக்குப் போகிறதே என்ற விமர்சனமும் உடனே எழுந்தது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் தீக்காயத்தால் ஒரு பக்கம் மார்பே இல்லாமல் போனவளின் தேவையை அழகு என்ற தலைப்பில் சேர்ப்பது கொடுமை. பெண் மார்பை மூடும் உரிமைக்கே தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. அந்த உடம்பைப் பற்றிய கூச்சத்தை அற்பம் என்று தள்ளிவிட இந்த மாவட்டத்துக்காரர்களால் முடியாது.

சரி, பை வைத்துவிட்டால் இரண்டும் சமமாகிவிடுமா? அங்கேயும் எதிர்பார்ப்பு எல்லை மீறுகிறது. பை கொள்ளளவைக் கூட்டும், அவ்வளவுதான். காம்பின் உயரத்தையும் தோலின் தளர்வையும் அது தானாகச் சரிசெய்யாது. வருடங்கள் போகப்போக இயற்கையான பக்கம் எடைக்கும் பிள்ளைப்பேறுக்கும் ஏற்பத் தொய்யும், பை வைத்த பக்கம் அந்த அளவுக்குத் தொய்யாது. பழைய வேறுபாடு புது வடிவில் திரும்பி வரலாம். அதனால்தான் பல அறுவை மருத்துவர்கள் பெரிய பக்கத்தைக் குறைப்பது, வயிற்றுக் கொழுப்பை எடுத்துச் சிறிய பக்கத்தில் செலுத்துவது போன்ற வழிகளையும் முன்வைக்கிறார்கள். செலுத்திய கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துவிடும், மறுபடி செலுத்த வேண்டிவரலாம். தீக்காயத்தில் தோல் இறுகியிருந்தால், முதலில் விரிக்கும் பை ஒன்றை வைத்து, வாரக்கணக்கில் உப்புநீர் ஏற்றித் தோலை விரிப்பார்கள். கத்தியே வேண்டாம் என்பவர்களுக்கு உள்ளாடைக்குள் வைக்கும் அளவான பஞ்சுத் திண்டு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

பை வைத்தால் பால் கொடுக்க முடியாது என்பதும் முழு உண்மை அல்ல. மார்பின் அடிமடிப்பில் கீறி வைத்தால் பால்நாளங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். காம்பைச் சுற்றிக் கீறினால்தான் ஆபத்து கூடும். பிறவியிலேயே சுரப்பி வளராத பக்கத்தில் பால் குறைவாக இருந்தால் அதற்குப் பை பொறுப்பல்ல.

பை ஆயுசுக்கும் நிற்கும் என்று நம்ப வேண்டாம். 1962இல் ஹூஸ்டனில் முதல் சிலிக்கான் பை வைக்கப்பட்டது. அன்றிலிருந்து வந்த எந்த வகையும் வாழ்நாள் முழுவதும் நிற்கும் என்று சொல்லிவிட முடியாது. கிழியலாம், சுற்றிலும் தழும்பு இறுகி வலிக்கலாம். சிலிக்கான் பை வைத்தவர்கள் ஐந்தாறு வருடத்தில் முதல் ஸ்கேனும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் எடுக்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. வழக்கமான மார்பகப் புற்றை இந்தப் பைகள் உண்டாக்குவதில்லை. ஆனால் சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளோடு அரிய நிணநீர்ப் புற்று ஒன்று தொடர்புபட்டிருக்கிறது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தான் தயாரித்த அந்த வகைப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அதற்கு முன், 2010இல், பிரான்ஸின் பிஐபி நிறுவனம் தொழிற்சாலைச் சிலிக்கானை நிரப்பி விற்றது அம்பலமானது. அந்த நிறுவனத்தின் பைகளை ஏறக்குறைய மூன்று லட்சம் பெண்கள் சுமந்தார்கள். எனவே நிறுவனமும் வரிசை எண்ணும் எழுதிய அட்டையை மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கி, ஆதார் அட்டையோடு பத்திரப்படுத்துவது அவசியம்.

இதுவரை சொன்னதெல்லாம் வளர்ந்த நாள்முதல் இருக்கும் வேறுபாட்டுக்கு. நடுவயதில் ஒரு பக்கம் புதிதாகப் பெருத்தாலோ சுருங்கினாலோ, தோல் குழிந்தாலோ, காம்பு உள்ளிழுத்துக்கொண்டாலோ அது வேறு கதை. அப்போது போகவேண்டிய இடம் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் அறுவைச் சிகிச்சைப் பிரிவு, அதுவும் அந்த வாரமே. மேமோகிராமும் ஸ்கேனும் பார்த்துப் புற்று இல்லை என்று உறுதியாகும்வரை, பை பற்றிய பேச்சையே எடுக்கக் கூடாது.