இந்துப்பின் பிறப்பும் பொட்டாஷ் உரமும்

மத்தூர் வட்டாரத்து மாந்தோப்புகளுக்கும் வாழைக்கும் இடப்படும் மூரியேட் ஆப் பொட்டாஷ் என்னும் உரத்திற்கு மூலம், பூர்வ காலத்துக் கடல் ஜலம் வற்றிப் பூமிக்குள் படிந்த உப்புகளேயாகும். மாடுகள் நக்குவதற்குக் கொடுக்கும் இந்துப்பும் அவ்வாறு பிறந்ததே. ஆகையால் இந்துப்பைச் சோதித்தறிவது பொட்டாஷைத் தேடுவோருக்கும் உதவும்.

தூத்துக்குடி உப்பளங்களைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும். கடல் ஜலம் ஏறக்குறைய 5-இல் 1 பங்காக வற்றும்போது ஜிப்ஸம் படியும். 10-இல் 1 பங்காகும்போது உப்பு விளையத் தொடங்கும். மக்னீஸியமும் பொட்டாஷும் எஞ்சிய கசப்பு நீரிலேயே தங்கும். அந்நீரும் பெரிதும் வற்றினாலன்றிப் பொட்டாஷ் படியாது.

கடல் ஜலத்தில் புரோமின் என்னும் பொருள் சிறிதளவு உண்டு. அது தனி உப்பாகப் படியாமல், குளோரினுக்குப் பதிலாக உப்புப் பரலினுள் சொற்பமாகப் புகும். பெரும்பகுதி நீரிலேயே நின்றுவிடும். ஆதலால் நீர் வற்ற வற்றப் பின்னால் விளையும் உப்பில் புரோமின் மிகும். கடல் நீரினின்று முதலில் விளையும் உப்பில் 10 லட்சம் பங்குக்குச் சற்றேறக்குறைய 70 பங்கு இருக்கும். 200-க்கு மேற்பட்டால் பொட்டாஷ் படியும் நிலை நெருங்கிற்று என்று கொள்ளலாம். மிகக் குறைந்திருப்பின், பழைய உப்பு மழை நீரிலோ ஆற்று நீரிலோ கரைந்து மறுபடியும் விளைந்ததென்று ஐயுற இடமுண்டு. எனினும் இவ்வொரு சோதனையைக் கொண்டே முடிவு கட்டலாகாது. உடன் கிடைக்கும் மற்றத் தாதுக்களையும் ஆராய்தல் வேண்டும்.

இந்துப்புக்குப் பேர்போன கேவ்ரா சுரங்கம் பாகிஸ்தானிலுள்ளது. இந்தியாவில், ராஜஸ்தானத்து நாகௌர், கங்காநகர்ப் பிரதேசத்தில் பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையார் துளையிட்டபோது, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் தடித்த உப்புப் படலங்களும் அவற்றினிடையே பொட்டாஷ் தாதுக்களும் காணப்பட்டன. அவை இன்னும் வெட்டியெடுக்கப்படவில்லை. கானடா, ருஷியா முதலிய தேசங்களினின்று கப்பலில் வரும் பொட்டாஷையே நம் நாடு பெரிதும் நம்பியிருக்கிறது.

மத்தூரைச் சுற்றியுள்ளவை மிகப் பழைய கருங்கற் பாறைகளாதலின், இங்கே அத்தகைய உப்புப் படலத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. எனவே குடியானவர்கள் மண்ணைப் பரிசோதிப்பித்து, வேண்டிய அளவே பொட்டாஷ் இடுதல் நலம். வைக்கோலையும் சருகையும் எருக்குழியில் சேர்த்து, அடுப்புச் சாம்பலையும் வீணாக்காது நிலத்திலிட்டால், பயிர் எடுத்த பொட்டாஷில் ஒரு பகுதி செலவின்றி மண்ணுக்குத் திரும்பும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை யாவர்க்கும் எடுத்துச் சொல்வார்களாயின் பெரும் பயன் விளையும்.