குதிகால் நாணும் நாற்பதாயிரம் மிதிகளும்

பிரெவே எனப்படும் நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தில் 200 கிலோமீட்டரை முடிக்கப் பதின்மூன்றரை மணி நேரம் தருவார்கள். சாப்பாடு, தண்ணீர், வழியில் உள்ள கன்ட்ரோல் என்ற சோதனை இடங்களில் கையெழுத்து எல்லாம் போக ஒன்பது மணி நேரம் சீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 80 சுற்று என்றால் ஒவ்வொரு காலும் 43,200 முறை பெடலை மிதிக்கிறது. தொடை தரும் விசை பெடலுக்குப் போய்ச் சேரும்வரை கணுக்கால் மடங்கிவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பது குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல்களால் பிடித்துப் பார்க்க முடிகிற அந்தத் தடித்த நாண். கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு சேர்ப்பது அதுதான். ஃபிசியோக்கள் அக்கிலீஸ் என்பார்கள்.

எனக்கு வலது காலில் அது வலிக்கத் தொடங்கியது ஒரு மார்கழியில், புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாடைக்காற்றை எதிர்த்துச் சென்னைக்குத் திரும்பிய பயணத்துக்குப் பிறகு. ஏறக்குறைய இரண்டு வருடம் விட்டுவிட்டு வலித்தது. எங்கள் சைக்கிள் குழுவில் இதே வலியோடு வருகிறவர்கள் பலர். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்க நினைத்தேன்.

இந்த வலிக்கென்று ஒரு குணம் உண்டு. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது முதல் சில அடிகள் விறைப்பாக இருக்கும். குளித்து முடிப்பதற்குள் சரியாகிவிடும். சைக்கிளில் ஏறினால் முதல் சில கிலோமீட்டர் குத்தும், உடம்பு சூடானதும் மறைந்துபோகும். மறைந்ததால் குணமாகிவிட்டது என்று தோன்றும். சாயங்காலமோ மறுநாள் காலையோ அது திரும்ப வரும். தைலம், ஐஸ், ஒட்டுப் பட்டை எல்லாமே அந்த நேரத்துக்கு இதமாக இருந்தன. அவற்றைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் அவை நாணை மாற்றுவதில்லை.

ஓய்வும் அப்படித்தான். சில வாரம் சைக்கிளைத் தொடாமல் இருந்தால் வலி போய்விடும். ஏறிய சில நாளில் மறுபடி வரும், போன தடவையைவிடக் குறைந்த தூரத்திலேயே. காரணம் எளிது. ஓய்வில் வலி தணிகிறது. கூடவே நாணும் கெண்டைக்கால் சதையும் வலுவிழக்கின்றன. பழைய சுமை இப்போது அவற்றுக்கு அதிகம்.

கடைசியில் எனக்கு வழி காட்டியவர் ஓர் இளம் ஃபிசியோ. முதல் நாளே ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கச் சொன்னார். இடது காலில் இருபதைத் தாண்டினேன். வலது கால் பாதியிலேயே நின்றுவிட்டது. வருடக்கணக்காகச் சைக்கிள் ஓட்டுகிற கால் இப்படி நிற்குமா என்று கேட்டேன். "சைக்கிள் ஓட்டினா இந்த நாணுக்குப் பலம் வராது சார். வேலைதான் வரும்" என்றார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதெல்லாம் அந்த ஒரு பதிலுக்குள் இருக்கிறது.

ஓடும்போது இந்த நாணின் மேல் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை விழுகிறது. சைக்கிளில் சமதளத்தில் உட்கார்ந்து மிதிக்கும்போது விழுவது உடல் எடையைவிடக் குறைவு. நாண் வலுப்பெறக் கனமான சுமை வேண்டும். சைக்கிள் தருவது லேசான சுமை, ஆயிரக்கணக்கான தடவை. வலுவே கூடாமல் வேலை மட்டும் கூடிக்கொண்டிருக்கும் நாணின் மேல் திடீரென்று ஒரு மலையோ நாள் முழுக்க எதிர்க்காற்றோ வந்தால் அது தாங்குவதில்லை. சைக்கிளை நிறுத்துவது மட்டும் இதற்கு மருந்தாகாது. சைக்கிள் தராத கனத்தை வேறு எங்காவது கொடுத்தாக வேண்டும்.

இதை உலகுக்குக் காட்டியதில் ஸ்வீடன் எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சனுக்குப் பெரிய பங்கு உண்டு. நீண்டநாள் குதிநாண் வலியால் ஓட முடியாமல் இருந்த 15 பேருக்கு அவர் ஒரு பயிற்சியைக் கொடுத்து 1998-இல் முடிவை வெளியிட்டார். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நேராக வைத்து 15 தடவை மூன்று சுற்று, மடக்கி வைத்து மூன்று சுற்று. காலையும் மாலையும், அதாவது நாளுக்கு 180 முறை, 12 வாரம். 15 பேரும் திரும்ப ஓடினார்கள். 2015-இல் டென்மார்க்கில் நடந்த ஓர் ஒப்பீடு, வாரத்துக்கு மூன்றே நாள் கனமான எடையோடு மிக மெதுவாகச் செய்தாலும் அதே அளவு பலன் உண்டு என்று காட்டியது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டாவது முறைதான் ஒத்துவரும் என்பது என் கருத்து. தினமும் இரண்டு வேளை செய்ய வேண்டியதைப் பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் செய்தது இது. வலி கடுமையாக இருந்த நாட்களில் அசைவே இல்லாமல், குதிகாலைப் பாதி உயரத்தில் நிறுத்தி 45 விநாடி பிடித்து விடுவது, ஐந்து தடவை. கொஞ்சம் தணிந்ததும் இரண்டு காலிலும் சேர்ந்து ஏற்றி இறக்குவது, பிறகு ஒற்றைக் காலில். ஏற மூன்று விநாடி, இறங்க மூன்று விநாடி. மெதுவாகச் செய்வதில்தான் விஷயம் இருக்கிறது, சட்டென்று எழும்பி விழுந்தால் சதை வேலை செய்யாது. சுலபமாகிவிட்ட பிறகு முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துக்கொண்டேன். பிறகு பத்து கிலோ. முழங்காலை மடக்கிச் செய்யும் சுற்றைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். சைக்கிள்காரர்களுக்கு அதுதான் முக்கியம். பெடலின் அடிமட்டத்தில்கூட நம் முழங்கால் முழுதாக நீள்வதில்லை. அந்த நிலையில் கெண்டைக்காலின் உள்ளடுக்குச் சதைதான் அதிகம் உழைக்கிறது, மடக்கிய முழங்காலோடு செய்தால் அது நன்றாகப் பலப்படும்.

பயிற்சியின்போது வலிக்கலாமா? வலிக்கலாம். பத்துக்கு ஐந்து வரை பரவாயில்லை என்பது ஃபிசியோக்கள் பின்பற்றும் கணக்கு. ஆனால் உண்மையான தீர்ப்பு மறுநாள்தான். "இப்ப வலிக்குதான்னு நான் கேக்கல சார். நாளைக்குக் காலைல முதல் பத்து அடி எப்படி இருந்துச்சுன்னு மெசேஜ் போடுங்க" என்பார் என் ஃபிசியோ. காலை விறைப்பு முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் சுமையைக் குறைப்போம். கூடவில்லை என்றால் தொடர்வோம். வேறு எந்தக் கருவியும் இந்த அளவுக்கு எனக்கு உதவவில்லை, ஸ்கேன்கூட. வலியே இல்லாதவர்களின் நாணிலும் ஸ்கேனில் தடிப்பு தெரிவதுண்டு. வலி போன பிறகும் அந்தத் தடிப்பு இருக்கலாம்.

ஸ்கேன் அறிக்கையைப் பார்த்து நான் கலங்கியபோது அவர் சொன்ன இன்னொன்றும் நினைவில் நிற்கிறது. "ஓட்டையை அடைக்க வேணாம் சார், சுத்தியிருக்கற வடையைக் கெட்டியாக்குவோம்." பழுதான இடம் அப்படியே இருக்கட்டும், அதைச் சுற்றியுள்ள நல்ல நார்கள் பலமானால் போதும் என்பது பொருள். பழுதான இடம் அப்படியே இருக்கும் என்பதற்கு ஆதாரமும் உண்டு. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 மனிதக் குதிநாண்களில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று டென்மார்க் ஆய்வாளர்கள் அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். குதிநாணின் உட்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது, அதன்பின் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்பது அவர்கள் கண்டது. இதைப் படித்த பிறகுதான் 12 வாரம் எனக்கு நீண்ட காலமாகத் தோன்றாமல் போனது.

வலி எந்த இடத்தில் என்பதையும் பார்க்க வேண்டும். எலும்பிலிருந்து இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே என்றால் மேற்சொன்னது முழுதும் பொருந்தும். எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்காதீர்கள். அப்படி இறக்கும்போது நாண் எலும்பின் மேல் அழுந்துகிறது. தரையில் நின்றே செய்யுங்கள். கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சியையும் நிறுத்திவையுங்கள். நம் வீடுகளில் குந்தி உட்காருவதும் தரைமட்டக் கழிப்பறையும் வெறுங்காலோடு டைல்ஸில் நாள் முழுக்க நடப்பதும் இதே அழுத்தத்தைத் தரும். சில மாதங்களுக்குக் குதிகால் சற்று உயர்ந்த செருப்பை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டால் நல்ல வித்தியாசம் தெரியும்.

இனி சைக்கிள். சீட் அதிக உயரத்தில் இருந்தால் பெடலை எட்டுவதற்காக ஒவ்வொரு சுற்றிலும் நுனிக்கால் நீள்கிறது, கெண்டைக்கால் ஓயாமல் சுருங்குகிறது. அதிகம் தாழ்ந்திருந்தால் குதிகால் கீழே போய் நாண் இழுபடுகிறது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 டிகிரி மடிப்பு இருப்பது பொதுவான அளவு. நண்பரைப் பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுக்கச் சொன்னாலே தெரிந்துவிடும். சீட் கம்பத்தில் இன்சுலேஷன் டேப்பால் பழைய உயரத்தைக் குறித்துவிட்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் மாற்றி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டு விஷயத்தை மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.

எனக்கு அதிகம் உதவியது ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட்டைப் பின்னால் தள்ளியதுதான். கிளீட் விரல்களுக்கு அருகே இருக்க இருக்க, கணுக்காலிலிருந்து பெடலுக்கான தூரம் கூடுகிறது, நாணின் மேல் இழுவையும் கூடுகிறது. முன்பாதத்தின் பருத்த எலும்புக்குச் சற்றுப் பின்னால் வருமாறு வைத்தேன். அப்படித் தள்ளினால் கால் எட்டும் தூரம் குறையும் என்பதால் சீட்டையும் துளி இறக்க வேண்டும். கிளீட் இல்லாத சாதாரணப் பெடலென்றால் பாதத்தின் நடுப்பகுதிக்கு அருகில் வைத்து மிதிக்கலாம். ஷூவின் பின்விளிம்பு நாணில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது கியர். பெரிய கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பதைவிடச் சிறிய கியரில் 85 சுற்று மிதிப்பது நாணுக்கு இதம். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் ஏலகிரி மலைச்சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் எழுந்து நிற்காமலே ஏறலாம். சைக்கிளின் பின்பக்கக் கியர் மாற்றும் கருவி 34 பல்லை ஏற்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கெண்டைக்காலில் வலிப்பதெல்லாம் நாண் வலி அல்ல. நீண்ட பஸ், விமானப் பயணத்துக்குப் பின் ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடுமாக வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி 'பட்'டென்று உணர்ந்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். இடுப்பிலிருந்து இறங்கும் மரத்த வலி முதுகுத் தண்டிலிருந்து வரலாம். முழு வேகத்தில் மட்டும் தொடையும் கெண்டைக்காலும் செயலிழந்து, நிறுத்திய சில நிமிடத்தில் சரியாகிறது என்றால் இடுப்புத் தமனி குறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சைக்கிள் வீரர்களுக்கே அதிகம் வரும் கோளாறு அது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் தங்கம் வென்ற போலின் ஃபெரான்-ப்ரெவோ அதற்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்.

மாத்திரை பற்றியும் சொல்லியாக வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் குதிநாணைப் பாதித்து, சிலருக்கு அறுந்துபோகவும் செய்யும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். சிறுநீர்த் தொற்றுக்கோ வயிற்றுப்போக்குக்கோ நாமாகவே மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற மாத்திரைகள் இவை. நாண் வலி இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள். நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதையும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வலி உடனே குறையும், நாண் பலவீனமாகும்.

"அண்ணா, வலி குறைஞ்சிருச்சு, எப்ப ஏறலாம்?" என்று குழுவில் ஒரு தம்பி அடிக்கடி கேட்பார். நிறுத்தவே வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். காலை விறைப்பு கூடாத அளவு எதுவோ, அதை ஓட்டிக்கொண்டே இருக்கலாம். முதலில் சமதளம், சிறிய கியர். பிறகு தூரத்தைக் கூட்டுங்கள். தூரம் ஒத்துக்கொண்ட பின் எதிர்க்காற்று, அதன்பின் மலை, எழுந்து நின்று மிதிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். வலி போன பிறகும் குதிகால் பயிற்சியை வாரம் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள், நான் இன்றும் செய்கிறேன்.

பிரெவே நடுவில் வலி தலைகாட்டினால் அடுத்த கன்ட்ரோலில் இறங்கிச் சீட்டை மூன்று மில்லிமீட்டர் இறக்கி, ஒரு கியர் குறைத்துத் தொடர்வேன். சைக்கிளை விட்டு இறங்கி நடக்கும்போது நொண்டல் தெரிந்தால் ஏற்பாட்டாளருக்குப் போன் செய்து விலகிவிடுவேன். சைக்கிளை ஏற்றிக்கொள்கிற பஸ்ஸையோ லோடு ஆட்டோவையோ எங்கே பிடிக்கலாம் என்பதைப் புறப்படும் முன்பே வழித்தாளில் குறித்து வைத்திருப்பேன்.