எதிரில் இருப்பவர் யார்?

சி மொழியில் எழுதுவோர் தொலைவிலுள்ள சர்வரிலிருந்து ஒரு கோப்பைத் தருவித்துக்கொள்ளும் காரியத்தை இன்று சில வரிகளில் முடித்துவிடலாம். ஸ்வீடன் தேசத்து டேனியல் ஸ்டென்பெர்க் தலைமையில் வளர்ந்த லிப்கர்ல் என்னும் நிரலகம் அத்தனை சௌகரியத்தை அளித்திருக்கிறது. ஆயினும், அவ்வரிகளைச் சுற்றி வழங்கிவரும் சில நம்பிக்கைகள், நிரலை நம்பி இயக்குவோருக்கு ஆபத்தை விளைவிப்பதால், அவற்றைப் பரிசீலிப்பது அவசியமாகிறது.

நம்பிக்கை: முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால் போதும்.

உண்மை: எச்டிடிபிஎஸ் தரும் மறையாக்கம் என்பது வழியில் நிற்போர் செவியில் விழாதபடி பேசும் உபாயமேயன்றி, எதிரில் இருப்பவர் இன்னார் என்பதற்குச் சாட்சி அன்று. வஞ்சகனோடும் ரகசியமாகப் பேசலாமாதலால், சர்வர் காட்டும் சான்றிதழ் நம்பத்தக்க அதிகாரியால் வழங்கப்பட்டதா என்பதும், அதிலுள்ள பெயர் நாம் நாடிய பெயர்தானா என்பதும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டும். லிப்கர்ல் இவ்விரண்டையும் இயல்பாகவே செய்கிறது; ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க நிரலகத்தை நேரே கையாளும் நிரலிலோ, நாம் கட்டளையிட்டாலன்றி, சான்றிதழ் பொய்யென்றாலும் இணைப்பு நிற்பதில்லை.

நம்பிக்கை: சான்றிதழ்ப் பிழை வந்தால், சான்றிதழைச் சோதிக்கச் சொல்லும் 'வெரிஃபைபியர்' என்னும் லிப்கர்ல் அமைப்பைத் தற்காலிகமாகப் பூஜ்யமாக்கலாம்.

உண்மை: தற்காலிகமாக இட்ட பூஜ்யம் மறதியினால் நிரந்தரமாகிவிடும். சான்றிதழ் அதிகாரிகளின் தொகுப்பு கிடைக்காமையே பிழைக்குக் காரணமாயின், அதன் இருப்பிடத்தைச் 'சிஏஇன்ஃபோ' அமைப்பில் குறிப்பிடுவதே பரிகாரம்.

நம்பிக்கை: சான்றிதழிலுள்ள பெயரைச் சோதிக்கச் சொல்லும் 'வெரிஃபைஹோஸ்ட்' அமைப்பில் 1 என்றால் 'ஆம்' என்று பொருள்.

உண்மை: முற்காலத்தில் 1 என்பது சான்றிதழில் ஏதேனும் ஒரு பெயர் உண்டா என்று மட்டுமே பார்த்தது, பெயரை ஒப்பிடுவதற்கு 2 வேண்டியிருந்தது. பாதுகாப்பை விரும்பியே 1 என்று எழுதியவர்கள் அதை இழந்த விபரீதத்தை 2012-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிப்படுத்த, அவ்வாண்டே லிப்கர்ல் 1-ஐ ஏற்க மறுத்தது. 2019 முதல் 1-உம் 2-ஐப் போலவே இயங்குகிறது.

நம்பிக்கை: லிப்கர்ல் வெற்றி என்று சொன்னால் கோப்பு வந்துவிட்டது.

உண்மை: சர்வர் 404 என்று மறுத்தாலும், அம்மறுப்புப் பக்கமே கோப்பின் பெயரில் சேமிக்கப்பட்டு, வெற்றி என்றே விடை வரும். ஆகவே இத்தகைய மறுப்பைப் பிழையாக அறிவிக்கும் 'ஃபெயில்ஆன்எரர்' அமைப்பை இயக்கி, தற்காலிகப் பெயரில் எழுதி, யாவும் சரியென்று கண்ட பின்னரே உண்மைப் பெயருக்கு மாற்றுவது விவேகம்.

நம்பிக்கை: கோப்பின் அருகிலேயே அச்சிட்ட ஷா-256 சரிபார்ப்பு எண்ணோடு ஒத்தால் சந்தேகமில்லை.

உண்மை: 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தின் இணையதளத்தில் புகுந்தவர்கள், இறக்கும் இணைப்பையே நச்சுக்கோப்பின்பால் திருப்பிவிட்டனர். இணைப்பை மாற்ற வல்லவன் அருகிலுள்ள எண்ணையும் மாற்ற வல்லவன். வெளியிட்டவரின் பொதுச் சாவியை முன்னரே வேறு வழியில் பெற்று, அதனால் கோப்பின் மின்கையொப்பத்தைச் சரிபார்ப்பதே உறுதியான பிரமாணம்.

நிரலை இயக்குபவர் சான்றிதழையும் காண்பதில்லை, கையொப்பத்தையும் காண்பதில்லை. அவருக்காக அவற்றைக் காணும் கடமை, அந்தச் சில வரிகளை எழுதுபவரையே சேர்ந்தது.