தெரிந்த சொல்தான் காலை வாரும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே, அக்கா சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். ஆங்கிலக் கடிதத்தில் தெரியாத சொல் வந்தால் உடனே போனை எடுத்துத் தேடிவிடுகிறீர்கள். அதில் ஆபத்தே இல்லை. ‘இது தெரியாதா’ என்று தாண்டிப் போகிறோமே, அந்த வினைச்சொற்கள்தான் காலை வாரும்.

‘அட்டாச்’ என்றதும் மெயிலோடு ஃபைலைச் சேர்ப்பதுதான் நினைவுக்கு வரும். கோர்ட் காகிதத்தில் அது ‘ப்ராப்பர்ட்டி’க்குப் பக்கத்தில் வந்தால் ஜப்தி. ‘சேலரி’யை அட்டாச் செய்யச் சொல்லி ஆபீசுக்கு உத்தரவு வந்தால், அந்த ஊழியரின் சம்பளத்தில் ஒரு பகுதியை மாதாமாதம் பிடித்துக் கோர்ட்டில் கட்ட வேண்டும். சம்பள ஸ்லிப்பை இணைத்து அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது.

பேங்க் ‘ஹானர்’ செய்வது செக்கை. அதாவது, அதற்குப் பணம் தருவது. ‘டிஸ்ஹானர்’ என்றால் நம் ஊரில் சொல்கிற செக் பவுன்ஸ். கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பி, அதற்கு நோட்டீசும் வந்துவிட்டால், கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிடுங்கள். தவறினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். ஒரு சொல்லைச் சரியாகப் படிப்பது இவ்வளவு முக்கியம்!

விண்ணப்பங்களில் வருபவை சுலபம். விவரங்களை ‘ஃபர்னிஷ்’ செய் என்றால் கொடு. தேதி தாண்டினால் ‘என்டர்டெயின்’ செய்யமாட்டோம் என்றால் பரிசீலிக்க மாட்டோம். பத்திரத்தை ‘எக்ஸிக்யூட்’ செய்வது கையெழுத்திட்டு எழுதிக்கொடுப்பது.

ஐ.டி.யில் இருப்பவர்கள் ‘டேபிள்’ என்ற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் நாடாளுமன்றத்தில் மசோதாவை டேபிள் செய்தால் அவையில் முன்வைக்கிறார்கள். அமெரிக்கர் டேபிள் செய்யலாம் என்றால், இப்போது வேண்டாம், தள்ளிப்போடலாம் என்கிறார். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்கத் தரப்புகள் இதே சொல்லை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டு வாதாடியதைச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். மீட்டிங்கில் இது காதில் விழுந்தால், இப்போதே பேசலாமா, பிறகா என்று கேட்டுவிடுங்கள்.

வினைச்சொல்லை மட்டும் தனியாகப் பார்க்காமல், எந்தப் பொருளோடு வருகிறது என்று பாருங்கள்; செக்கா, பத்திரமா, சம்பளமா என்பதுதான் அர்த்தத்தைக் காட்டும். டிக்‌ஷனரியில் முதல் அர்த்தத்தோடு நிறுத்தாமல் மூன்றாவது, நான்காவது வரை இறங்கிப் படியுங்கள். கையெழுத்துக் கேட்கிற காகிதமாக இருந்தால், எவ்வளவு அவசரப்படுத்தினாலும், விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் பேனாவைத் திறக்காதீர்கள்.