பெஞ்ச் ட்ரில்: ஹெச்.பி.யைப் பார்த்து ஏமாறாதீர்கள்

"தோணி கட்டுற ஆசாரியே மேசை மிஷின் வச்சுக்கிறதில்ல, உனக்கெதுக்கு?" தூத்துக்குடியில் மொட்டை மாடியில் மரவேலை பழகுகிறவர் பெஞ்ச் ட்ரில் என்று வாயெடுத்தால் இப்படித்தான் கேட்பார்கள். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியின் பலகையைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவர முடியாது. கருவிதான் மரத்தைத் தேடிப் போக வேண்டும். வீட்டு வேலையோ நேர்மாறு. அலமாரிக் கதவில் கீலுக்குக் குழி, ஸ்டூல் காலில் மர ஆணிக்குத் துளை, சாவி மாட்டும் பலகையில் ஒரே ஆழத்தில் வரிசையாக ஓட்டை. மரம் சின்னது, துளை எல்லாம் ஒரே மாதிரி, எல்லாம் நேராக இறங்க வேண்டும். கை ட்ரில் சறுக்கும் இடம் இதுதான்.

துளை போடுவது இந்தக் கரைக்குப் புதிய வேலை அல்ல. மன்னார் வளைகுடாவில் எடுத்த முத்துகளை வில் கட்டிய தமரால்தான் துளைத்தார்கள். இலங்கைப் பக்கத்தில் ஒரு மரக்கட்டையின் முகத்தில் குழிகள் செய்து, அவற்றில் முத்தைப் பதித்து, தண்ணீர் தொட்டு நனைத்தபடியே வில்லை இழுப்பார்கள். முத்தை உடையாமல் காத்தது வேகம் அல்ல, அதை அசையவிடாத குழி. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். வில்லின் இடத்துக்கு மோட்டாரும் பெல்ட்டும் வந்துவிட்டன. அசைவுதான் துளையின் எதிரி என்பது மட்டும் மாறவில்லை.

ஆனால் மிஷின் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பது அசைவைப் பற்றி அல்ல, ஹெச்.பி.யைப் பற்றி. அதனால் "ஹெச்.பி. கூடினால் நல்ல மிஷின்" என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. வீட்டு மரவேலைக்கு அரை ஹெச்.பி., அதாவது சுமார் 370 வாட் இண்டக்‌ஷன் மோட்டார் தாராளம். நீங்கள் கேட்க வேண்டிய எண் வேறு: மிகக் குறைந்த வேகம் எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 எம்.எம். பிட் நிமிடத்துக்கு 2800 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு நிமிடத்துக்கு 53 மீட்டர் போகிறது. அதே சுற்றில் கீல் குழி போடும் 35 எம்.எம். பிட்டை ஓட்டினால் விளிம்பு 300 மீட்டரைத் தாண்டும். மரம் கரியும், புகை வரும், பிட்டின் கூர் போகும். "மரம் கெட்டி" என்று பழியை வாகை மேலும் வேம்பு மேலும் போடுவோம். 500 சுற்றுக்கு இறக்கினால் அதே பெரிய பிட்டின் விளிம்பு 55 மீட்டருக்கு வந்துவிடும். ஆகவே புல்லியில் பெல்ட்டை மாற்றி 500-ஐ ஒட்டி இறக்க முடிகிற மிஷினாகப் பாருங்கள். மேல் வேகம் 2500-ஐத் தாண்டவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

"13 எம்.எம். மிஷினில் அதைவிடப் பெரிய துளை போடாது" என்பதும் தப்பு. அது பிட்டைப் பிடிக்கும் வாயான சக் கவ்வும் தண்டின் அளவு, 35 எம்.எம். பிட்டின் தண்டு அதைவிட மெலிந்ததுதான். "10 அங்குல மிஷின்" என்றால் தூணிலிருந்து பிட்டின் நடுவுக்கு 5 அங்குலம்தான், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரவுட்டர் பிட்டை இதில் மாட்டிக் காடி இழைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்கு வேண்டிய வேகம் இதில் இல்லை. பக்கவாட்டில் அழுத்தினால் சக் கழன்று விழவும் கூடும்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய நம்பிக்கை: "உப்புக் காத்துல இரும்பு மிஷின் தேறாது." உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தாலும் பெயின்ட் அடித்த வார்ப்பிரும்பு உடம்புக்கு எளிதில் ஒன்றும் ஆகாது. துரு பிடிப்பது மெருகு போட்ட தூண், மேசை, சக் ஆகிய வெற்று உலோகத்தில். அதிலும் பெரிய குற்றவாளி நாம் துடைக்காமல் விடும் மரத்தூள். ஈரத்தையும் உப்பையும் இழுத்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் மேசை மேல் கிடக்கும். வேலை முடிந்ததும் தூளைத் தட்டி, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, மேசைக்கு மட்டும் மெழுகு. பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடுவது பாதுகாப்பு இல்லை, உள்ளே வியர்க்கும். அதைவிடப் பழைய பருத்தி வேட்டியே மேல்.

கையில் காசு குறைவென்றால் பழைய மிஷினையும் ஒதுக்க வேண்டாம். பட்டறை மூடும்போது விற்கும் கனத்த வார்ப்பிரும்பு மிஷின், அதே விலைக்கு வரும் இலேசான புதுசைவிடப் பெரும்பாலும் ஆடாமல் நிற்கும். பேரிங்கும் பெல்ட்டும் மாற்றிக்கொள்ளலாம். பிடியை அழுத்தும்போது சக்கோடு கீழே இறங்கும் குழல் தேய்ந்திருந்தால் அதை மாற்றுவது சிரமம். மோட்டாரில் 415 வோல்ட் மூன்று ஃபேஸ் என்று எழுதியிருந்தால் வீட்டு 230 வோல்ட்டில் அப்படியே ஓடாது. மோட்டார் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

"கையுறை போட்டால் பத்திரம்" என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை. சுற்றும் பிட் கையுறையின் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். தோளில் துண்டு, தொங்கும் தலைப்பு, முடியாத கூந்தல் எதுவும் அருகில் ஆகாது. சின்ன மரத்தைக் கையால் பிடிக்காமல் கிளாம்பால் மேசையோடு இறுக்குங்கள். முழுப் பணத்தையும் மிஷினுக்கே கொட்டாமல் கிளாம்புக்கும் நல்ல பிட்டுக்கும் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொல்வது இதனால்தான். வருஷத்துக்கு நாலைந்து துளை போடுகிறவருக்கு மிஷினே வேண்டாம், கை ட்ரில்லும் நேராக வெட்டிய ஒரு வழிகாட்டிக் கட்டையும் போதும்.

கடைக்குப் போகும்போது மூலைமட்டமும் நேரான ஒரு உருக்குக் கம்பியும் கையோடு இருக்கட்டும். கம்பியைச் சக்கில் மாட்டிக் கையால் மெல்லச் சுற்றுங்கள். முனை வட்டம் போடக் கூடாது. குழலை முழுக்கக் கீழே இறக்கிப் பக்கவாட்டில் ஆட்டுங்கள்; கையில் ஆட்டம் தெரிந்தால் துளையிலும் தெரியும். மேசையில் மூலைமட்டத்தைக் கம்பியை ஒட்டி நிறுத்தி, பிடியை அழுத்தும்போது மேசை வளைகிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் செய்ய விடாத கடையில் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்காதீர்கள்.