காளை தேடும் முன் பசுவைப் பாருங்கள்

பட்டியில் மாடு கத்தத் தொடங்கினால் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். யாராவது சினை ஊசி போடுகிறவருக்கு கோல் எடுப்பார்கள். அவர் மோட்டார் சைக்கிளில் விந்துப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு வருவார். அன்றைக்கு அந்தப் பாத்திரத்தில் எந்தக் காளையின் ஸ்ட்ரோ (விந்து அடைத்த குழல்) இருக்கிறதோ அது போடப்படும். பதுளைப் பக்கத் தோட்டங்களில் பல கன்றுகளுக்குத் தகப்பன் அமைவது இப்படித்தான்.

இதில் இருக்கும் கால அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சினைக்காலம் சுமார் 280 நாள். பிறக்கிற கிடாரி, நல்ல தீனி கிடைத்தாலும், சினைபிடிக்கும் அளவுக்கு வளர ஒன்றரை வருடமாவது எடுக்கும். அது சுமந்து ஈன இன்னொரு 280 நாள். ஆக, இன்று போடும் ஊசியின் பாலை நீங்கள் கறப்பது மூன்று வருடம் கழித்து. அத்தனை வருடத்துக்கான முடிவை மாடு கத்துகிற அவசரத்தில் எடுத்தால் சரிவராது. மாடு படுத்து அசைபோடுகிற ஒரு நாளில் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது.

பசுவின் குறையை எழுதுங்கள்

முதல் வேலை காளையைப் பற்றியதே இல்லை. ஒரு பள்ளிக் கொப்பியை எடுத்துக்கொண்டு பசுவின் பின்னால் போய் நில்லுங்கள். மடியின் அடிப்பகுதி பின்னங்கால் முட்டிக்கு மேலே நிற்கிறதா, கீழே தொங்குகிறதா? தொங்கும் மடி சேற்றிலும் கல்லிலும் இடிபட்டு மடிவீக்கத்துக்கு வழி திறக்கும். நான்கு காம்பும் ஒரே அளவா? பிறகு பசுவை மேட்டில் நடக்க விட்டுப் பாருங்கள். மலைச்சரிவில் மேயும் மாட்டுக்குக் கால்தான் முதல். குளம்பு விரிந்து, பின்னங்கால்கள் ஒன்றோடொன்று உரசி நடந்தால் அதையும் எழுதுங்கள். கறக்கும்போது உதைக்கிறதா, பால் எத்தனை போத்தல், ஒரு ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் எத்தனை மாதம் என்பதெல்லாம் வரட்டும்.

எழுதி முடித்ததும் இரண்டு குறையை மட்டும் வட்டமிடுங்கள். ஒரே ஈற்றில் எல்லாவற்றையும் திருத்த நினைத்தால் ஒன்றுமே திருந்தாது.

ஜெர்மனியின் ஹோல்ஸ்டைன் பகுதியில் தடை தாண்டும் போட்டிக் குதிரைகளை வளர்ப்பவர்கள், பெட்டையின் குறையைப் பார்த்து ஆணைத் தேடும் கலையில் கைதேர்ந்தவர்கள். அவர்களிடம் இருந்தவை வண்டி இழுத்த பரம்பரையில் வந்த கனத்த பெட்டைக் குதிரைகள். பலம் இருந்தது, உடம்பில் நெகிழ்வு போதவில்லை. 1971ல் பிரான்சிலிருந்து கோர் டி லா பிரியேர் என்ற ஆண்குதிரையை அங்கே கொண்டுவந்தார்கள். தங்கள் பெட்டைகளிடம் எது இல்லையோ அது அந்தக் குதிரையிடம் இருந்தது. இன்று அந்த இனத்தின் தாண்டு குதிரைகள் பலவற்றின் வம்சாவளியில் அதன் பெயரைப் பார்க்கலாம். நம் லயத்துப் பட்டிக்கும் அதே கணக்குத்தான்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்தக் காளையாலும் திருத்த முடியாத குறைகளும் உண்டு. பசு எலும்பும் தோலுமாக இருக்கிறது, மூன்று தடவை ஊசி போட்டும் நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் குறை தீனியிலும் தாது உப்பிலும் இருக்கும். சினைபிடிக்கும் திறன் பரம்பரையாக மிகக் கொஞ்சமே இறங்கும். பாலில் உள்ள கொழுப்பின் வீதமோ நன்றாகவே இறங்கும். மடியின் அமைப்பு, உடம்பின் உயரம் ஆகியவற்றையும் காளையை வைத்துத் திருத்தலாம். எதைக் காளையிடம் கேட்பது, எதைப் புண்ணாக்கு மூட்டையிடம் கேட்பது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உயரமும் புல்லுக்கட்டும்

ஊவா ஒரே மாகாணம் என்றாலும் ஒரே காலநிலை இல்லை. ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே, பண்டாரவளை 1,200 மீற்றரைச் சுற்றி, பதுளை நகரம் 700 மீற்றருக்கும் கீழே. மஹியங்கனையும் மொனராகலையின் சமவெளியும் இன்னும் கீழே, வெயில் நாடு. மேட்டுத் தோட்டங்களில் பிரீசியனும் ஜேர்சியும் குளிரில் நன்றாக இருக்கும். பசறை, ஹாலி-எல போன்ற நடுமட்டங்களில் ஜேர்சிக் கலப்பு நிம்மதியாக வாழும். சமவெளிக்கு இறங்கினால் சாஹிவால் இரத்தம் வேண்டும். அவுஸ்திரேலியாவில் பிரீசியனையும் சாஹிவாலையும் கலந்து உருவாக்கிய ஏ.எஃப்.எஸ். இனமும் அங்கே பொருந்தும். வெயிலும் உண்ணியும் உள்ள இடத்தில் தூய பிரீசியன் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டே நிற்கும்.

உயரத்தைவிடப் பெரிய கேள்வி புல். பச்சைப் புல்லாகக் கணக்குப் பார்த்தால், ஒரு மாட்டுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்காவது ஒரு நாளைக்கு வேண்டும். ஜேர்சிப் பசு 400 கிலோவைச் சுற்றி இருக்கும், அதற்கு 40 கிலோ புல். பெரிய பிரீசியன் 600 கிலோவைத் தொடும், அதற்கு 60 கிலோ. இந்த 20 கிலோ வித்தியாசத்தைத் தலையில் சுமப்பது யார்? நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, மலையோரத்திலும் ஓடைக்கரையிலும் அறுத்துக் கட்டி வருகிற பெண்தான். காளையைத் தேர்ந்தெடுக்கும் பேச்சில் அவருடைய வார்த்தைதான் கடைசி வார்த்தையாக இருக்க வேண்டும் என்பேன்.

இன்னொன்று. ஆடி, ஆவணியில் மலைக்கு மேலாக வரும் வறண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கித் தருகிறது. அதே காற்று நம் புல்லைக் கருக்கிவிடுகிறது. மார்கழிப் பசுமையைப் பார்த்துப் பெரிய மாட்டுக்கு ஆசைப்படக் கூடாது, ஆவணிப் பஞ்சத்தை நினைத்துக் காளை தேட வேண்டும். ஊசி போடும் மாதத்தையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். ஜனவரி நடுவில் சினைபிடித்த பசு அக்டோபர் கடைசியில் ஈனும். மழை தொடங்கி, புல் தளிர்க்கிற நேரம் அது. பால் உச்சத்துக்கு ஏறும் முதல் இரண்டு மாதமும் பச்சைத் தீனி கிடைக்கும்.

பால் சேகரிப்பு நிலையத்தில் காசு கொடுப்பது லீற்றரை மட்டும் பார்த்தல்ல. கொழுப்பையும் மற்றத் திடப்பொருளையும் அளந்து விலை போடுகிறார்கள். பிரீசியன் பாலில் கொழுப்பு 4 வீதத்துக்குக் கீழே நிற்பது வழக்கம், ஜேர்சிப் பாலில் 5 வீதத்தை நெருங்கும். ஆகவே, பட்டி சிறியது, புல் குறைவு, ஒரே ஆள்தான் பார்க்கிறார் என்றால் என் தீர்ப்பு ஜேர்சிதான். பிரீசியன் என்றாலே கௌரவம் என்று நினைப்பவர்களுக்கு இது பிடிக்காது. கோ-3 புல் நட்ட சொந்தத் துண்டு நிலமும் தினம் அடர்தீவனம் வாங்க வசதியும் உள்ளவர்கள் தாராளமாகப் பிரீசியன் பக்கம் போகலாம்.

காளையின் கணக்கைக் கேட்பது

இப்போதுதான் காளை. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கிடைக்கும் ஸ்ட்ரோ குண்டசாலை, பொலன்னறுவை போன்ற நிலையங்களில் எடுத்ததாக இருக்கலாம், வெளிநாட்டிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். எதுவானாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் காளையின் தாய் ஒரு ஈற்றில் எவ்வளவு கறந்தது? இதன் மகள்கள் கறந்த கணக்கு இருக்கிறதா? அந்தக் கணக்கு எத்தனை மகள்களுடையது?

மூன்றாவது கேள்விதான் ஆளை மடக்கும். பத்துப் பதினைந்து மகள்களை வைத்துச் சொன்ன பெருமையைவிட, பல பட்டிகளில் பரவிய நூற்றுக்கணக்கான மகள்களை வைத்துச் சொன்ன நடுத்தரப் பேச்சு நம்பத்தக்கது. வெளிநாட்டுக் காளையின் பட்டியலில் பெரிய பால் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த மகள்கள் மூட்டை மூட்டையாகத் தானியம் தின்று கறந்தவை. நம் பட்டியில் அந்த எண் அப்படியே இறங்காது. போதாததற்கு, காளை கொடுப்பது பாதி, மீதிப் பாதி உங்கள் பசுவுடையது.

தோட்டத்தில் வளர்ப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய, ஆனால் எவரும் கேட்காத ஒன்று உண்டு. அது காம்பின் நீளம். வெளிநாட்டில் கறப்பது இயந்திரம், அதற்குக் குட்டைக் காம்பு போதும். அதனால் பேர்போன காளைகள் சிலவற்றின் மகள்களுக்குக் காம்பு விரல் நுனியில் நழுவும் அளவுக்குக் குட்டை. நாம் கையால் கறக்கிறோம், உள்ளங்கையில் பிடிக்க இடம் வேண்டும். உங்கள் பசுவுக்கே காம்பு குட்டை என்றால், இந்தக் குணம் உள்ள காளையை, அது எத்தனை லீற்றர் தந்தாலும், ஒதுக்கிவிடுங்கள்.

முதல் ஈற்றுக் கிடாரி

கிடாரிக்கு ஊசி போடலாமா என்பதை மாதத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். வளர்ந்த பசுவின் எடையில் பத்துக்கு ஆறு பங்காவது வரட்டும். கால்நடை வைத்தியரிடம் மார்புச் சுற்றளவை அளந்து எடை சொல்லும் நாடா இருக்கும்.

காளையின் அளவு இங்கே உயிர்ப் பிரச்சினை. ஜேர்சிக் கன்று பிறக்கும்போது ஏறக்குறைய 25 கிலோ, பிரீசியன் கன்று 40 கிலோ. சின்ன ஜேர்சிக் கலப்புக் கிடாரிக்குப் பெரிய பிரீசியன் காளையின் ஸ்ட்ரோவைப் போட்டுவிட்டால், நடு இரவில், மழையில், ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே இருக்கிற லயத்துக்கு டாக்டரைக் கூப்பிட வேண்டி வரும். பிரீசியன் கிடாரிக்கும்கூட முதல் ஈற்றுக்கு ஜேர்சி போடுவது உலகம் முழுக்கப் பண்ணைக்காரர்கள் செய்வதுதான். ‘ஈனல் சுலபம்’ என்று குறித்த பிரீசியன் காளைகளும் உண்டு. கிடாரிக்கு அப்படிப்பட்டது இருக்கிறதா என்று கேட்கலாம்.

கிடாரிக் கன்றே வேண்டும் என்பவர்களுக்குப் பாலினம் பிரித்த விந்து இருக்கிறது. பத்துக்கு ஒன்பது பெண் கன்று வரும். விலை கூட, சினை நிற்கும் வீதம் சாதாரண ஸ்ட்ரோவைவிடக் குறைவு. ஒழுங்காகப் பருவத்துக்கு வருகிற, நல்ல உடம்புள்ள மாட்டுக்கு மட்டும் இதைப் போடுங்கள். ஏற்கெனவே இரண்டு தடவை தவறிய பசுவுக்குப் போட்டால் காசுதான் கரையும்.

தோட்டத்துக் காளை

பக்கத்து டிவிசனில் ஒரு காளை நிற்கும். செலவில்லை, கூப்பிட்டதும் வரும். ஆனால் மூன்று வருடத்தில் அந்தக் காளையின் மகள்களே பருவத்துக்கு வந்து அதனிடமே போகும். தகப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கும் கன்றுகள் மெலிந்தும், பால் குறைந்தும், சில ஊனத்தோடும் வரும். காளை ஏறுவதால் ஒரு பட்டியிலிருந்து இன்னொரு பட்டிக்குப் போகும் கருப்பை நோய்களும் உண்டு. புருசெல்லா என்ற கிருமியால் வரும் கன்றுவீச்சு நோய் மனிதருக்கும் தொற்றும். வேறு வழியே இல்லாமல் காளைக்குத்தான் விட வேண்டும் என்றால், அது உங்கள் பசுவின் தகப்பனோ அண்ணன் தம்பியோ இல்லை என்று உறுதிசெய்யுங்கள், இரத்தப் பரிசோதனை செய்த காளையா என்றும் கேளுங்கள். கன்று வீசிய பசுவின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள்.

ஊசி போடும் நாள்

மாடு காலையில் பருவத்தில் நின்றால் மாலையில் ஊசி, மாலையில் நின்றால் மறுநாள் காலை. நின்றால் என்பது, மற்ற மாடு ஏறும்போது விலகாமல் நிற்பது. கத்துவதை மட்டும் நம்பினால் பசிக்குக் கத்தும் மாட்டுக்கும் ஊசி போட வேண்டியதுதான். ஒற்றை மாடு வைத்திருப்பவர்கள் கண்ணாடி போன்ற வழும்பைப் பாருங்கள். கன்று போட்டு 60 நாளாவது ஆகியிருக்க வேண்டும்.

ஸ்ட்ரோ திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 பாகையில் இருக்கும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்கித்தான் போட வேண்டும், சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கினால் விந்து கெடலாம். வெந்நீர்ப் போத்தலை நீங்களே தயாராக வைத்திருங்கள். ஊசி போட்டதும், “தம்பி, அந்த ஸ்ட்ரோவை வீசிறாதீங்க, இங்க குடுங்க” என்று கேட்டு வாங்குங்கள். காளையின் இனமும் இலக்கமும் அதில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அலுவலக அட்டை பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படும், அது எங்கேயாவது தொலையவும் செய்யும். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து, தேதியையும் காளை இலக்கத்தையும் அந்தப் பள்ளிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மூன்று வருடம் கழித்து இந்தக் கன்றுக்குக் காளை தேடும்போது, அந்த இலக்கத்தைத் தவிர்க்க வேண்டும்.

21 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று கவனியுங்கள். வராவிட்டால் மூன்றாம் மாதத்தில் கால்நடை வைத்தியரைக் கொண்டு சினை பார்க்கலாம்.

பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை, எங்கேயானாலும் உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு இந்த மாதமே ஒரு தடவை போய்வாருங்கள். அவர்களிடம் எந்தெந்தக் காளைகளின் ஸ்ட்ரோ இருக்கிறது என்று கேட்டு எழுதி, உங்கள் பசுவுக்குப் பொருந்தும் இரண்டு பெயரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.