விண்டோஸ் 10 கணினி வைத்திருக்கிறீர்களா?

பல்லடம் பக்கம் தறிக் கணக்கு, கோழிப்பண்ணை பில், பிள்ளைகளின் பாடம் எல்லாம் பல வீடுகளில் ஒரே கணினியில்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. கணினி ஓடும், புதிய ஓட்டைகள் அடைபடாது.

1. முதல் வேலையாகக் கணக்குகளை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள். எடுத்ததும் கழற்றி வையுங்கள். செருகியே கிடந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நகலையும் பூட்டிவிடும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, மார்ச்சிலேயே வந்த அப்டேட்டைப் போடாத கணினிகள்தான் ஏராளமாகச் சிக்கின.

2. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 'பிசி ஹெல்த் செக்' இறக்கி ஓட்டுங்கள். விண்டோஸ் 11-ஐக் கணினி ஏற்குமா என்று அதுவே சொல்லும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று வந்தால் உடனே புதுக் கணினிக்குப் பணம் கட்டாதீர்கள்; சிலவற்றில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும், கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் இயக்கினால் போதும்.

3. மாற்றும் முன், பில் பிரிண்டருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் விண்டோஸ் 11 டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் கேளுங்கள். ஜிஎஸ்டி கடைசி நாளில் டோக்கன் மக்கர் பண்ணினால் அபராதம் உங்களுக்குத்தான்.

4. பாடத்துக்கும் இணையத்துக்கும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள். இலவசம், பழைய கணினியிலும் ஓடும்.

5. 'கிராக்' மென்பொருள் வேண்டவே வேண்டாம். பாஸ்வேர்டு திருடும் நிரல் அதோடு ஒட்டி வரும். அதனால் வங்கிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.